நூற்றைந்து புள்ளி பூஜ்யம்

டார்வினில் காலை எட்டு என்றால்
தங்கச்சிமடத்தில் விடியற்காலை நாலு.
அந்த நேரத்தில்தான் நான் வேலை தேடுவேன்.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து
கைபேசியை முழங்காலில் நிறுத்தி
'மதிப்பிற்குரிய தலைமை விமானிக்கு' என்று
நூற்றி நாற்பத்திரண்டாவது முறையாக.
கீழே விசைப்படகுகள் கரை அணையும் சத்தம்.

உரிமம் இருக்கிறது.
மருத்துவச் சான்று இருக்கிறது.
அக்காவின் பதினேழு பவுன்
கூட்டுறவு வங்கியில் பத்திரமாக இருக்கிறது.
மணிதான் இல்லை.

சுற்றுலாக்காரர்களை ஏற்ற ஐநூறு மணி கேட்கிறார்கள்.
மாடு விரட்ட இருநூற்றைம்பது,
தாழப் பறக்கும் சான்றோடு.
எண்ணெய்க் கிணற்றுக்கு ஆள் கொண்டுபோக இரண்டாயிரம்,
அதிலும் இரட்டை எஞ்சினில்.
என் பதிவேட்டில் நூற்றைந்து புள்ளி பூஜ்யம்.
பறந்தால்தான் மணி சேரும், அக்கா,
மணி சேர்ந்தால்தான் பறக்க விடுவார்கள் என்றேன்.
"பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்" என்று
பாதியில் நிறுத்திவிட்டு
மீன் கழுவப் போனாள்.

கூடப் படித்தவன் ஒருவன்
பேனாவாலேயே அறுபது மணி பறந்தான்.
இப்போது பாறைத் திட்டுகளுக்கு மேல்
வெள்ளைச் சட்டையோடு படம் போடுகிறான்.
நான் நண்டு கம்பெனியில் எடை எழுதுகிறேன்.
பன்னிரண்டு புள்ளி நாலு. ஒன்பது புள்ளி ஏழு.
ஆறு நிமிடம் என்பது புள்ளி ஒன்று
என்று பழகிய கைக்கு
கிலோவும் வானம் மாதிரிதான் தெரிகிறது.

பங்குனியில் ஒருநாள் ஆறேகாலுக்கு அழைப்பு.
கேத்தரினிலிருந்து க்ளென்.
"என்ன இரைச்சல் அது?"
"நண்டு ஏலம்."
"காற்று எப்படி அங்கே?"
வாடை என்று வாயில் வந்ததை விழுங்கி
வடக்கு, எட்டு நாட் என்றேன்,
பத்து மணிக்கு மேல் தெற்கே திரும்பும்.
"எதில் பார்த்துச் சொல்கிறாய்?"
"படகுக் கொடியில்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
மெர்சிலின் என்ற பெயரை மூன்று விதமாக உடைத்து
நாலாவதில் சரியாகச் சொன்னார்.

வேலை இருக்கிறதாம்.
பறக்கிற வேலை இல்லை.
பெட்ரோல் பீப்பாய் உருட்ட, கண்ணாடி துடைக்க,
ஹெலிகாப்டர் போகும் திசையில்
எரிபொருள் லாரியோடு புழுதியில் பின்தொடர.
சாயங்காலம் அது வெறுமனே வீடு திரும்பும்போது
அந்த இருபது நிமிடம் எனக்கு.
எடைச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்:
புள்ளி மூன்று, நூற்றிருபது நாள்,
முப்பத்தாறு.
"அடுத்த பருவத்தில் பார்க்கலாம்" என்றார்.
பார்க்கலாம் என்றால் எந்த மொழியிலும்
பார்க்கலாம் என்றுதான் அர்த்தம்.

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.
"பங்கா, சம்பளமா?"
"சம்பளம்."
"சம்பளத்துக்கு வெக்கிறவன் சுக்கானத் தர யோசிப்பான்."
வலையின் கிழிசலைத் தேடுகிற சாக்கில்
என் முகத்தைப் பார்க்கவில்லை.

விசா குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டது.
ஒரு பொய் மட்டும் பாக்கி.
"லாரி ஓட்டுவாய்தானே?" என்று கேட்டபோது
ஓட்டுவேன் என்றிருந்தேன்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை,
பூசை முடிந்து வெள்ளைத் துப்பட்டாவோடு,
ரோச் அண்ணனின் ஐஸ் லாரியில்
உடைமரங்களுக்கு நடுவே உப்புத் தரையில் நான்.
முதல் கியரில் மூன்று தடவை நின்றது.
சாளைவாடை. கிளட்ச் கல்லாய்க் கிடக்கிறது.
வானத்தில் நிற்கத் தெரிந்த கால்களுக்கு
தரையில் நகர வரவில்லை.

உச்சிப்புளிப் பக்கமிருந்து
கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று
பாலத்தை நோக்கிப் போனது.
எதிர்காற்று, மூக்கு கொஞ்சம் இடப்பக்கம்.
கண் தானாகவே குறித்துக்கொண்டது.
அந்த யோசனையில் கால் எடுத்தேன் போலிருக்கிறது,
லாரி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.
"போகுது, போகுது, நிறுத்தாத!" என்று
பின்னால் ஓடிவந்தார் ரோச் அண்ணன்.

இரவு பதிவேட்டைத் திறந்தேன்.
லாரிக்கென்று அதில் பத்தி இல்லை.
பொய் எழுதக்கூடாத புத்தகம்,
மூடி வைத்துவிட்டு
ஒரு பழைய எடைச்சீட்டில்
பென்சிலால்:
தரை. புள்ளி நாலு.