இனம்: லாயின்-லாயின்

பாயா தெருபோங் மேட்டில்
எங்கள் நாய் விடுதியின் கணினிக்கு
நாற்பத்திரண்டு இனங்கள் தெரியும்.
கடைசி வரை உருட்டிப் பார்த்தேன்.
இவளுக்கு இடமில்லை.
"லாயின்-லாயின் போடு, கனகமணி"
என்றார் ஊய், டுரியான் பிளந்துகொண்டே.

கொண்டுவந்தவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர்.
பிரெஞ்சுக்காரன். மூன்று வாரம் ஊருக்குப் போகிறான்.
போர்சலேன், என்றான்.
எனக்குக் கேட்டது பீங்கான்.
கோப்பையா மங்கா என்று கேட்க வாயெடுத்தேன்,
அதற்குள் அவள்
என் செருப்பை முகர்ந்து
நான் எந்த பஸ்ஸில் வந்தேன் என்பது வரை
படித்து முடித்திருந்தாள்.

பேர் சிரேன்.
அவர்கள் நாட்டில் ஒரே ஆண்டு பிறந்த சாதி நாய்களுக்கெல்லாம்
ஒரே எழுத்தில்தான் பேராம்.
நட்சத்திரம் பார்த்து எழுத்து வாங்குகிற நாம்
இதற்குச் சிரிக்க முடியாது.

கூடவே ஒரு கோப்பு.
அப்பன், அப்பனைப் பெற்றவன், ஆத்தாளின் ஆத்தாள்,
ஐந்து தலைமுறை
மரத்தைப் படுக்கவைத்து வரைந்த மாதிரி.
எனக்கு நீல அட்டை கிடைத்தது முப்பத்தொரு வயதில்.
அதுவரை சிவப்பு.
நாயிடம் போய் இதைச் சொல்வானேன்.

ஆனால் மரத்துக்கு மேலே ஓட்டை இருக்கிறது.
அவனே சொன்னான்:
பிரபுக்கள் கூட்டம் கூட்டமாய் வளர்த்த வெள்ளை வேட்டை நாய்கள்,
புரட்சி வந்ததும் மாளிகைகளோடு சிதறிப்போயின,
அடியோடு அழிந்தன என்றார்கள்.
பிறகு யாரோ
சுவிஸ் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து
இதே சாயலில் சிலவற்றைப் பிடித்துவந்து
மறுபடி கூட்டினார்களாம்.
அதே இனம்தானா, என்றேன்.
தோளைக் குலுக்கினான்.

குளிப்பாட்டும்போதுதான் முழுசாய்ப் பார்த்தேன்.
காய்ந்தால் பளபளவென்று வெள்ளை.
நனைந்தால் உள்ளே கருமேகத் திட்டுகள்,
ரோமத்தில் இல்லை, தோலில்.
காதில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளி,
தே தாரிக் ஆற்றுகிறவன் கை தவறியது போல.
அந்தக் காது
மெல்லிசு, நீளம், சுருண்டு மடிந்து முனையில் கூர்,
நான் வெற்றிலை மடித்தால் இப்படித்தான் வரும்.
முயலைத் துரத்தப் பிறந்தவளுக்கு
முயலின் பாதம்.

துரத்தியதில்லை.
பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து காண்டோ, பதின்மூன்றாம் மாடி.

ஒன்பதாம் ராத்திரி
டுரியான் விழுகிற சத்தத்துக்கு
மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கியது.
பூடில், ஷிட்சு, ஊயின் கிழட்டு டாபர்மேன்,
எல்லாம் மீன் மார்க்கெட் போலக் கத்தின.
சிரேன் எழுந்தாள். மூக்கு வேலியில்.
கழுத்து நீண்டது.

அது நேராக வரவில்லை.
மேலே போய், மடிந்து,
கீழே உருண்டு, திரும்பவும் ஏறி,
இருட்டில் பன்றி போன பாதையை
அப்படியே வாயால் வரைந்துகொண்டே போனது.
ஒவ்வொரு கூண்டாய் அடங்கிற்று.
டாபர்மேன் உட்கார்ந்துவிட்டது.
எதிர் பிளாட்டில் ஏழெட்டு விளக்குகள்.
அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?
கோப்பிலா இருந்தது?

காலையில் பதிவேடு.
தீனி: மிச்சமில்லை.
மலம்: கெட்டி.
இரவு: குரைத்தாள் என்று எழுதி அடித்தேன்.
ஊளையிட்டாள் என்று எழுதி அதையும் அடித்தேன்,
ஊளை என்றால் சாவுக்குத்தான் போய் நிற்கும்.
பேனாவைப் பிடித்தபடி இருக்கையில்
ஊய் போனோடு வந்தார்.
எதிர் பிளாட்டில் புகாராம்,
எந்த நாய் என்று கேட்கிறார்களாம்.

லாயின்-லாயின், என்றேன்.