ஏற்றம் பதினான்கு மீட்டர்

திருப்பூர் திலகராஜ் கேட்டிருந்தார்:
வேதாரண்யத்தைச் சுற்ற மூன்று நாள்,
ஐந்து சைக்கிள்,
மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர்?

உப்பு லாரிக்கு எடை போடும் கை இது.
எடைச்சீட்டின் பின்பக்கம் வரைந்து அனுப்புகிறேன்.
முன்பக்கம் மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை
என்று ஏதேதோ இருக்கும்.
அது உங்களுக்கல்ல.

ஏற்றம் இல்லை சார்.
மேட்டூரில் காவிரியாகக் கிளம்பிய தண்ணீர்
எங்களிடம் வந்து சேர்வதற்குள்
ஏழெட்டுப் பெயர் மாற்றிக்கொள்ளும்.
நல்லாறு, அடப்பாறு, அரிச்சந்திரா.
பெயருக்கு ஒரு பாலம்,
பாலத்துக்குப் பத்து மிதி.
அவ்வளவுதான் மலை.
கோடியக்காட்டில் ராமர் பாதம் கொஞ்சம் உயரம்,
அங்கே சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு ஏற வேண்டும்.
பையையும் விட்டுவிடாதீர்கள்.
அந்தக் குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

காற்றைத்தான் யாரும் மீட்டரில் கேட்பதில்லை.
விடியுமுன் ஆறுகாட்டுத்துறைக்குப் போய்
வலை உதறுகிறவர்களிடம் விசாரியுங்கள்:
வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா?
எதுவோ, அதன் முகத்தில் முதலில் போங்கள்.

நான் போன ஆனியில் மாற்றிச் செய்தேன்.
சோழகம் முதுகில் கைவைத்துத் தள்ள
வேட்டைக்காரனிருப்பு வரை பறந்தேன்,
என் கால்கள் என்று நினைத்து.
திரும்பும்போது அதே கை நெஞ்சில்.
வெள்ளப்பள்ளத்தில் இறங்கித் தள்ளினேன்.
மீன் பெட்டியோடு மொபெட்டில் வந்தவள் நிறுத்தினாள்.
பஞ்சரா?
இல்லைம்மா, காத்து.
இறங்கிடுச்சா?
ஏறிடுச்சு.

முதல் வழி உப்பு.
அகஸ்தியம்பள்ளி தாண்டியதும் இரண்டு பக்கமும் வெள்ளை,
நடுவில் ஒரு கறுப்புத் தார்,
கீற்றுப் போர்த்திய அம்பாரங்கள்
யாரோ வரிசையாகத் தூங்குவது போல.
மார்கழி என்றால் சதுப்பில் பூநாரை இருக்கும்.
செயின் கிறீச்சிடுகிறதென்றால்
எண்ணெய் விட்டுவிட்டு வாருங்கள்,
அவை எழுந்து போய்விடும்.
அறைக்குத் திரும்பியதும்
நல்ல தண்ணீரில் சைக்கிளைக் குளிப்பாட்டுங்கள்.
உங்களுக்கு முன்னால் அதற்கு.
உப்பு சத்தமில்லாமல் தின்னும்.

இரண்டாம் வழி நான்கு மணிக்கு, இருட்டில்.
தேத்தாகுடி, கருப்பம்புலம்.
முல்லைக் கொல்லைகளில் தரையோடு தரையாக
வெளிச்சப் புள்ளிகள் நகரும்.
பயப்பட வேண்டாம், பூப்பறிக்கிறார்கள்,
நெற்றியில் விளக்கு.
உங்கள் நெற்றியிலும் விளக்கு.
கூலிக்கு வந்த ஆளென்று
யாராவது கையில் தூக்கு கொடுத்தால்
வாங்கிக்கொள்ளுங்கள்.
ஒரு ஆழாக்குப் பறிப்பதற்குள் உங்களுக்கு விடிந்துவிடும்.
ஆறு மணிக்கு மேல் பூ மூட்டை வண்டிகள் பறக்கும்,
அப்போது ஓரம் ஒதுங்குங்கள்.
வெயிலோடு பந்தயம் ஓடுகிறவர்களுக்கு
ஹாரன் அடிக்க நேரமிருக்காது.

மூன்றாம் வழியில்
கள்ளிமேட்டுக்கு அப்பால் கோடு நின்றுவிடும்.
சீட்டில் இடமில்லாமல் அல்ல.
இறால் குட்டைக் கரை ஒன்று அங்கே உண்டு,
தை மாதம் அது சாலை,
ஐப்பசியில் குட்டை.
நீங்கள் வரும் வாரம் அது எதுவாக இருக்கும் என்று
நான் எழுதித் தர முடியாது.

நிழல்?
கஜா புயலுக்குப் பின் நட்ட தென்னைகள்
காலை எட்டரை வரை
பாதிச் சாலைக்கு நிழல் தருகின்றன.
ஐந்து பேரும் ஒருவர்பின் ஒருவராகப் போனால்
போதும்.

டியூப் கொண்டு வாருங்கள், கைப்பம்பும்.
இங்கே இருப்பதெல்லாம் லாரிக்கான காற்று.

கடைசி நாள் எடைமேடைக்கு வாருங்கள்.
இருபது கிலோவுக்குக் கீழ் அதற்குக் கணக்கில்லை.
வேட்டைக்காரனிருப்புக்குப் போகுமுன்
நானும் சைக்கிளும் எண்பது.
வந்த பிறகும் எண்பது.
சீட்டு இரண்டையும் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்.

கூட்டிப் பார்த்தேன்:
பாலங்கள், கால்வாய் மதகு, ராமர் பாதம்.
ஏற்றம் பதினான்கு மீட்டர்.
எடைமேடைக்கு ஏறும் ஒன்றரை அடியும்
இதில் சேர்த்தி.

இப்படிக்கு,
தையல்நாயகி