பதினேழுக்கு மேலே

ஒன்பதாவது ராத்திரி.
கொள்முதல் நிலையத்து வாசலில்
என் சம்பா நெல்லுக்கு இன்னும் டோக்கன் வரவில்லை.
ஈரம் பார்க்கிற பெட்டியில்
ஒரு கைப்பிடி போட்டுப் பார்த்துவிட்டு
"பத்தொம்பது. காயவைம்மா" என்கிறார் பில் கிளார்க்.
தார்ரோட்டில் காயவைத்தேன்.
சாயங்காலம் பதினெட்டு.
ராத்திரி பனி குடித்து, விடிந்தால்
திரும்பவும் பத்தொன்பது.

சாதிக் கூத்தாநல்லூர் போய் மாட்டுக்கறி வாங்கி வந்தான்.
தொடைக்கறி. உள்ளங்கை கனத்துக்கு
வெட்டச் சொல்லியிருக்கிறான்.
குழம்புக்கு இல்லையாம், சுடுவதற்காம்.
குவைத்தில் ஏழு வருஷம் நெருப்பு முன்னால் நின்றவன்
இங்கே பதினோரு மா குத்தகைக்குப் பிடித்து
எங்களோடு குவியல் காக்கிறான்.

அறுவடை மிஷினில் கழற்றிப் போட்ட
பழைய கம்பிச் சல்லடை சூசைமாணிக்கத்திடம் இருந்தது.
எத்தனை பேர் வயல் அதன் வழியாக விழுந்ததோ.
நாலு செங்கல் மேல் வைத்தோம்.
அடியில் சீமைக்கருவேலங் கரி.

முதல் துண்டு நாசம்.
பையிலிருந்து எடுத்த ஈரத்தோடு
சூடேறாத கம்பியில் போட்டுவிட்டோம்.
ஒட்டிக்கொண்டது,
வட்டிக்காரன் கதவைப் பிடித்த மாதிரி.
பக்கிரிசாமி அரிவாள் நுனியால் நெம்பினார்.
பாதி கம்பியில், பாதி அரிவாளில்.
அதையும் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம்.

"அங்க கம்பி ஆறவே ஆறாது,"
என்றான் சாதிக், யாரும் கேட்காமலே.
"ஆறவிட மாட்டாங்க."

வைக்கோலைச் சுருட்டி, சாம்பல் தொட்டுத்
தேய்த்தேன். கரியைக் கூட்டினோம்.
தெளித்த தண்ணீர் கம்பியில் நிற்காமல்
உருண்டு ஓடுகிறவரை காத்திருந்தோம்.
பாதி வெங்காயத்தைக் குச்சியில் குத்தி
கொழுப்பில் தோய்த்து அவன் இழுக்க இழுக்க
துரு போய்க் கம்பி கறுத்துப் பளபளத்தது.
மிச்சக் கறியை நான் துண்டில் வைத்து
அமுக்கி அமுக்கி ஈரம் ஒற்றினேன்.
"எத்தனை இருக்கும்?" என்றார் பக்கிரிசாமி.
"பதினேழு. எடுத்துக்கலாம்."
ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் சிரித்தோம்.

உப்பு, மிளகு. வைத்ததும்
சொர்ரென்றது.
முதல் தடவை வராத சத்தம்.

பக்கத்துக் குவியல்காரர்
புகை வந்த கையோடு கட்டிலைத் தூக்கி
காற்றுக்கு மேற்பக்கம் போய்விட்டார்.
எங்கள் தெருப் பெயரைச் சொன்னாலே
தள்ளி உட்காருகிறவர்கள் உண்டு.
கட்டிலோடு போனவர் இவர்தான்.

மூக்கில் ஒரு சொட்டு.
மாசியில் என்ன மழை என்று
யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.
தார்ப்பாய், தார்ப்பாய்!
என்னுடையதை மூடி, சூசையுடையதை மூடி
நிமிர்ந்தால், அந்த மனுஷன்
ஒற்றை முனையைப் பிடித்துக்கொண்டு
காற்றோடு மல்லுக்கு நிற்கிறார்.
மறுமுனையை நான் பிடித்தேன்.
"இன்னும் கொஞ்சம் இழு" என்றார்.
இழுத்தேன். மூலைக்கு ஒரு மூட்டை வைத்தோம்.
அவ்வளவுதான் பேச்சு.

கரியை அணைக்கக்கூடத் திராணியில்லாத மழை.
ரோட்டைப் புள்ளி குத்திவிட்டு
வெண்ணாற்றுப் பக்கம் போய்விட்டது.

கறி! ஓடிவந்தோம்.
கருகியிருக்கும், ஒட்டியிருக்கும் என்று
பக்கிரிசாமி அரிவாளோடு குனிந்தார்.
வேலையே இல்லை.
சாதிக் ஓரத்தை விரலால் தொட்டான்,
அது தானே கம்பியை விட்டு எழுந்தது,
அடியில் வரப்பு வரப்பாகக் கோடுகளோடு.
"நாம இங்க இருந்திருந்தா
நெம்பியே கெடுத்திருப்போம்" என்றான்.

திருப்பிப் போட்டு, இறக்கி,
கொஞ்ச நேரம் கை வைக்காமல் விட்டு
குறுக்கே அரிந்தோம்.
உள்ளே இன்னும் சிவப்பு.
சூசை முகம் சுளித்துக்கொண்டே மூன்று துண்டு.
அவர் கட்டில் மேற்பக்கத்திலேயே கிடந்தது.
ஒரு துண்டு எடுத்துப் போகலாமா என்று
நினைத்தேன். போகவில்லை.

படுக்கும்முன் தார்ப்பாய்க்கு அடியில்
கையை விட்டுப் பார்த்தேன்.
உள்ளே வெதுவெதுப்பு. ஈரமா, இல்லையா,
கொழுப்புப் படிந்த விரலுக்குத் தெரியவில்லை.
வெளியே எடுத்தால் நாலு நெல்
ஒட்டிக்கொண்டு வந்தது.
உதறினேன். மூன்று விழுந்தது.