பாதிக் கிணறு

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை.
இரைச்சல் மட்டும் டேங்க் வரை ஏறிப்போய்
காற்றைத் துப்பிவிட்டு இறங்குகிறது.
மெக்கானிக் கன்னியப்பன் போனில் சொன்னார்:
"ஆயிரத்தி எண்ணூறு ஆவும்க்கா,
அதுவும் ஞாயித்துக்கெழமதான் வர்றதுக்கு."
இன்று செவ்வாய்.
பக்கெட்டில் ஊறப்போட்ட யூனிஃபார்ம் இரண்டு ஜோடி.

நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்பு.
பிறகு, "ப்ளக்கப் புடுங்கிட்டுத் தொடு."
அந்த மட்டும் நல்ல மனிதர்.

கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.
ஒன்பது உறை. காசிமேட்டு மணல்.
கார்த்திகையில் குளிக்கலாம்,
சித்திரையில் சோப்பு நுரைக்காது.
பாகம் பிரித்தபோது
வீட்டை அறுத்துக்கொண்டு வந்த சுவர்
கிணற்றைப் பார்த்தும் நிற்கவில்லை.
குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு
மேலேயே நடந்து போனது.
அந்தப் பாதி என் கொழுந்தன் இன்னாசிக்கு.
உறைக்குக் கீழே கோடு போட
யாருக்கும் வழி தெரியவில்லை.
அவன் மோட்டார் ஐந்து மணிக்கு, எனது ஆறு.
பேசி வைத்ததல்ல; பேச்சு நின்று நாலு வருஷம்.
காதாலேயே பிரித்துக்கொண்ட நேரம்.

வீட்டுக்காரர் தங்கலுக்குப் போய் ஒன்பது நாள்.
அவர் விட்டுப்போன வலைக்கயிற்றில் சுருக்குப் போட்டு
பைப்பை மேலே இழுத்தேன்.
லேசாக வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது:
உள்ளே தண்ணீர் நிற்கவில்லை,
ஃபுட் வால்வு வாயை மூடவில்லை.

பாசி, துரு, ஒரு நத்தை.
கத்தியால் சுரண்டி, மூடியைத் திருகித் திறந்தால்
தோல் வாஷர் அப்பளமாய் நொறுங்குகிறது.
அதன் இடுக்கில்
சுண்டுவிரல் நகமளவு சிமெண்டுப் பூச்சு.
அண்ணாந்து பார்த்தேன்.
சுவரின் அடிவயிற்றில்
அதே அளவில் ஒரு பள்ளம்.

எடுத்த வேகத்தில்
அந்தப் பக்கமே வீசினேன்.
தகரத்தில் போய் விழுந்திருக்க வேண்டும்,
நல்ல சத்தம்.

லாரி டியூப்பில் டம்ளரைக் கவிழ்த்து
வட்டம் வரைந்து வெட்டினேன்.
மூன்றாவது வட்டம்தான் வட்டமாக வந்தது.
பூட்டி, இறக்கி, முடுக்கி,
இனி பிரைமிங்.
தண்ணீர் எடுக்கிற சாமானுக்கு
முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.
மெட்ரோ தண்ணீர் நாளைக்குத்தான்.
கேனில் பாதி இருந்தது.
குடிக்க வைத்திருந்ததை
புனல் வைத்து அதற்குக் கொடுத்தேன்.
மடக் மடக்கென்று குடித்தது,
பிறகு ஜாயிண்டில் அப்படியே அழுதது.
டெஃப்லான் டேப்பை
நான் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறேன்.

பிரித்து, துடைத்து, மறுபடி சுற்றி,
சரியாகத்தான் சுற்றினேன்,
கேனைச் சாய்த்தால் காலி.
கேனின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.
மணி பதினொன்று. வெயில் உச்சந்தலையில்.
இரண்டு கையிலும் கிரீஸ்,
முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக்கூட முடியாது.

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் உறுமியது.
நேரமில்லாத நேரத்தில்.
சுவர்மேல் பச்சை ஹோஸ் தலை நீட்டி
என் பக்கம் தொங்கியது,
இரண்டு முறை இருமி, கொட்ட ஆரம்பித்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, வாயை எடுத்துப் புனலில் வைத்தேன்.
குமிழ் வந்தது, குமிழ் குறைந்தது,
விளிம்பு தளும்பியது.
"போதும்" என்றேன் சுவரிடம்.
நிற்கவில்லை, என் கால் நனைந்தது.
"போதும்டா!"
நின்றது.

ஸ்விட்சைப் போட்டேன்.
முதலில் செம்மண் நிறத்தில் ஒரு வாய்,
பிறகு தண்ணீர்.
உப்புத்தான். எப்போதும் போல.

இப்போது இரவு.
எல்போவில் இன்னும் சொட்டுகிறது,
நிமிஷத்துக்குப் பதினோரு சொட்டு, எண்ணினேன்.
எம்-சீல் வாங்க வேண்டும்.
கன்னியப்பனிடம் வர வேண்டாம் எனச் சொல்ல வேண்டும்.
ஹோஸ் அப்படியே சுவர்மேல் கிடக்கிறது.
அவன் இழுத்துக்கொள்ளவில்லை.
நானும் தள்ளிவிடவில்லை.