எழுநூற்று இருபது கிராம்

ஃபார்மலின் வாளியிலிருந்து
இரண்டு கையாலும் அள்ளித் தராசில் வைக்கிறேன்.
எழுநூற்று இருபது கிராம்.
ஒரு பிள்ளைக்கு ஐந்நூறே போதும்.
சீட்டில்: முப்பிடாதி, இருபத்தாறு, மானூர்.
கர்ப்பகாலச் சர்க்கரை.
பிள்ளை எடை நாலு கிலோ நூறு.

நஞ்சு என்று இதற்குப் பேர் வைத்தவர்
ஒருநாளும் இதைக் கையில் ஏந்தியிருக்க மாட்டார்.
மூக்கிருந்தும் மூச்சிழுக்காத ஓர் உயிருக்குப்
பத்து மாசம் மூச்சாக இருந்தது இது.

லென்ஸுக்குக் கீழே விரல்விரலாய்க் கிளைகள்,
தாயின் ரத்தத்தில் முங்கி நின்றவை.
இக்கரை அவள், அக்கரை பிள்ளை.
நடுவில் வெங்காயச் சருகைவிட மெல்லிசாய் ஒரு சுவர்
இருக்க வேண்டும்,
ஆக்சிஜன் கசிய.
இவளுக்குத் தடித்திருக்கிறது.
ஒரு விரலுக்குள் பன்னிரண்டு, பதின்மூன்று குழாய்கள்;
எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.
தண்ணி ஏறாத வயலுக்கு
வாய்க்கால் மேல் வாய்க்காலாக
வெட்டிப் பார்த்திருக்கிறது
அந்தப் பிள்ளை, இருட்டில், தனியாக.

கொழுகொழுவென்று இருக்கு என்று
சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்.
தீனிக்குக் குறைவில்லை.
இனிப்பு வர வர உள்ளே அடுப்பு ஓங்கி எரிந்தது,
எரிய எரிய இன்னும் காற்று கேட்டது.

ஐந்தரைக்கு ஹைகிரவுண்டிலிருந்து பேட்டை பஸ்.
வண்ணாரப்பேட்டையில் படியெல்லாம் ஆள்.
"எறங்குத ஆளு எறங்குங்கவே!"
விசிலை எடுத்துவிட்டுக் கண்டக்டர் கத்துகிறார்.
ஒருத்தரும் அசையவில்லை.
மற்ற நாள் என்றால் சிரித்திருப்பேன்.
சர்க்கரை ஒட்டிய சிவப்பணுவும் இப்படித்தான்,
ஏற்றிக்கொண்ட காற்றை லேசில் இறக்கிவிடாது.
வண்டி நிறைய ஆட்கள்;
ஸ்டாப்பில் காத்து நிற்பவளைப் பார்க்க
ஒன்றிரண்டு பேரே இறங்குகிறார்கள்.

பாலத்தில் ஆற்றுக் காற்று.
கம்பியைப் பிடித்த கைக்குக் கீழே ஓர் இடி.
ஏழு மாசம்.
போன செவ்வாய் அந்தக் குளுக்கோஸ் தண்ணியைக் குடித்துவிட்டு
இரண்டு மணி நேரம் பெஞ்சில் இருந்தேன்:
நூற்று அறுபத்தெட்டு.
"இப்பந்தான கண்டுபுடிச்சிருக்கு, கொறச்சிரலாம்ளா" என்றார்
எலிசபெத்ராணி சிஸ்டர்,
"சோத்தக் கொறை. தெனமும் நட."
அவர் சொன்னது உண்மை. எனக்கே தெரியும்.
தெரிந்தும் மதியம்
என் விரல் நுனியில் குத்தியபோது
முப்பிடாதியின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன,
ஊதாச் சாயம் ஏறிய, கண்ணாடித் தகட்டிலிருக்கும்
அந்த விரல்கள்.

சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
பிறந்ததும் அழுததா.
யாரோ எழுத மறந்திருக்கிறார்கள்.
மறந்ததுதான்.
நாளைக்கு வார்டுக்குப் படியேறிப் போய்க் கேட்பேன்.
கேட்காமலும் இருப்பேன்.

இன்னோர் இடி. டவுன் தாண்டியதிலிருந்து ஆறு.
பத்து எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.

பேட்டை.
படியில் நிற்பவர்கள் நின்றபடியே நிற்கிறார்கள்.
"வழி விடுங்க" என்கிறேன்,
வழக்கத்தைவிடச் சத்தமாக.
இறங்குகிறோம்.