கருகல் மூலை

தஸ்பல்லா பேருந்து நிலையத்தில்
இரண்டாவது கடை குமுதினி சாஹுவுடையது.
சால இலையில் பொதிந்து, இரவெல்லாம் கங்கில் புதைத்து
விடியலில் அவள் கவிழ்த்துத் தட்டுவது
சேனா போடா.
அவர்கள் மொழியில் போடா என்றால் சுட்டது.
நம் காதில் அது விரட்டுவதுபோல் விழுந்தால்
பிழை காதுடையது.

புவனேஸ்வர் வண்டி நடத்துநர் அரக்கித நாயக்
பத்தொன்பது வருடமாகக் கேட்பது ஒன்றே:
நடுத்துண்டு வேண்டாம்,
அடிப்பிடித்த மூலை.
சர்க்கரை கருகி, கருகியதில் பளபளத்து,
பல்லில் ஒட்டிக்கொண்டு
நயாகட் தாண்டியும் நாக்கு தேடுகிற மூலை.

மழை தொடங்கிய மாதம் அவன் வரவில்லை.
வந்தபோது இடது காலில் இரண்டு விரல் இல்லை.
செருப்பு மட்டும் பழைய அளவு.
கத்தியை எடுத்தாள்.
அவன் டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டே
"தண்ணீர் போதும்" என்றான்.

அரக்கித: காக்க ஆளில்லாதவன் என்று பொருள்.
காலன் சீந்தாதிருக்கப் பெற்றவள் வைத்தது.
அந்தப் பெயர் காலனைத்தான் ஏமாற்றும்போல.

நாற்றுப்பண்ணையில் அறுபது ரூபாய்க்கு
ஒரு தொட்டி சீனித்துளசி வாங்கினாள்.
கணவன் கேட்டதற்குக் கொசுவுக்கு என்றாள்.
இலை கிள்ளி மென்றாள்.
முதலில் ஒன்றுமில்லை. பிறகு திடுமென இனிப்பு.
அது இறங்கிப் போனபின்
போகாமல் நின்றது ஒரு கசப்பு.

இரண்டு கிலோ சேனாவுக்கு
வழக்கமாக விழுவது முக்கால் கிலோ சர்க்கரை.
இன்று, இலை ஊறிய பச்சைத் தண்ணீர் நாலு கரண்டி.
கைக்கு அது புரியவில்லை.
பிசையப் பிசைய நெகிழவேண்டியது
உதிர்ந்து உதிர்ந்து முறுக்கிக்கொண்டது.
ரவை, ஏலம், முந்திரி, கூடுதலாய் ஒரு கரண்டி நெய்.
இலை. கங்கு. இரவு.

கவிழ்த்தால் வெள்ளை.
காயத்துக்குக் கட்டும் துணியின் வெள்ளை.
வெந்திருந்தது, சுட்டிருக்கவில்லை.
இனிக்கத்தான் செய்தது,
எரிவதற்குத்தான் உள்ளே எதுவுமில்லை.

மறுநாள் கங்கைக் கூட்டினாள்.
இலை எரிந்து சாம்பல் வாசம்; நாய் தின்றது.
பேரீச்சம்பழம் அரைத்துப் போட்டாள்.
கருத்தது, அழகாகவே கருத்தது.
சுகாதார நிலையத்து சுலோச்சனா ஒரு வாய் தின்றுவிட்டு
"சட்டை மாற்றி வந்திருக்கிறது, ஆள் அதே ஆள்" என்றாள்.
இன்னொரு வாயும் தின்றாள்.

ஐந்து நாள் குமுதினி ஒன்றும் செய்யவில்லை.
ஆறாம் நாள் டீக்காரன் பால் பொங்கி வழிந்து
அடுப்பு விளிம்பில் காய்ந்து பழுப்பேறியது.
அவன் சுரண்டி எறியப் போனான்.
கையைப் பிடித்தாள்.

அரை லிட்டரைச் சுண்டச் சுண்டக் கிளறி
சட்டியின் அடியிலும் ஓரத்திலும் விழுதாய்ப் பூசினாள்.
அதன்மேல் இலைத்தண்ணீர்ச் சேனா.
சர்க்கரை வராத இடத்தில்
பாலே தன்னிடமிருந்த சொற்பத்தை எடுத்து எரித்துக்கொண்டது.
கரி என்று சொல்ல முடியாது.
பழைய பித்தளை நிறம்; மூலையில் மட்டும்
கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு.

அரக்கித நின்றபடியே தின்றான்,
உடம்பை வலது காலில் சாய்த்து.
ஓட்டுநர் இரண்டுமுறை ஹாரன் அடித்தார்.
"கடைசியில் கசக்கிறதே."
"கசக்கும்."
"பல்லில் ஒட்டவில்லை."
"ஒட்டாது."
விரலை நக்கினான். கறுப்பு இருந்த விரலை
இன்னொரு தடவை.

"எவ்வளவு?"
"மற்றதைவிட ஐந்து ரூபாய் அதிகம்."
"தொட்டிச் செடிக்கா ஐந்து ரூபாய்?"
வண்டி உருளத் தொடங்கிவிட்டது.
படியில் தொற்றிக்கொண்டு,
தோள்பை குலுங்கக் குலுங்க,
சில்லறை இல்லை, நாளைக்குத் தருகிறேன் என்றான்
நடத்துநர்.