மணிக்கயிறு

முழங்காவிலில், கோயில் வளவில்,
பதினாறு பாத்தி. சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம்.
குழாயடிப் பாத்தி எமில்டாவுக்கு விழ
இரண்டு கிழமை நான் அவவோடு கதைக்கவில்லை.

கொத்தக் கொத்த வந்தது ஓட்டுத் துண்டு,
பழைய கூரையினது.
ஒன்றில் ஊர்ப்பெயரின் பாதி எழுத்து.
வாளி வாளியாய்ப் பொறுக்கி
வரம்புக்கு அண்டை கொடுத்தோம்.
மழை பெய்தால் இன்னும் மேலே வருகிறது.

கோணேஸ்வரி வைரவருக்கு விளக்கு வைக்கிறவ.
அந்தோனியார் காலடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
வெண்டி ஊன்றுகிறா.
"காணாமல் போனதைத் தேடித் தாறவராமே,
செருப்பையாவது பாத்துக்கொள்ளட்டும்."
நாங்கள் சிரித்தோம்.
அவ சிரிக்கவில்லை.

பாகல் ஒன்று, ஆர் நட்டதோ,
மணிக்கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டது.
சனி பின்னேரம் பார்த்தால் மூன்று பிஞ்சு.
யூட் சுவாமி கயிற்றைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போனார்.

ஞாயிறு விடிய
வாளியைக் கவிழ்த்துத் தட்டுகிற சத்தம்.
தலை வாராமலே ஓடினேன், பூசை தொடங்கிவிட்டது.
கடைசி வாங்கில்
எமில்டா கொஞ்சம் தள்ளி இருந்தா.